பார்லி மலிவாகக் கிடைக்கிறதா? கோழிக்குப் போடும் முன் கணக்குப் போடுங்கள்!

சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் பகுதிகளில் அடுக்குமாடிகள் பெருகினாலும், கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும். மக்காச்சோளம் எத்தனால் தயாரிப்புக்கும் போகத் தொடங்கிய பிறகு அதன் விலை பண்ணையாளர்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. அதனால்தான், ‘மக்காச்சோளத்துக்குப் பதில் பார்லி போடலாமா?’ என்ற கேள்வி எழுகிறது.

போடலாம். ஆனால், அப்படியே மாற்றிவிட முடியாது.

சிக்கல் எங்கே?

பார்லியில் ‘பீட்டா குளுக்கன்’ என்ற நார்ப்பொருள் இருக்கிறது. இதை உடைக்கும் நொதி கோழியின் குடலில் சுரப்பதில்லை. தண்ணீரில் கரைந்து, குடலுக்குள் கஞ்சிபோல் கொழகொழப்பாகிவிடும். தின்ற தீவனத்தின் சத்து உடலில் ஒட்டாது. எச்சம் பிசுபிசுப்பாகி, குஞ்சுகளின் ஆசனவாயில் ஒட்டிக்கொள்ளும். ஆழ்கூளம் ஈரமாகி, அம்மோனியா நெடி கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்கெனவே ஈரம் ஏறிக்கிடக்கும் கடலோரக் கொட்டகைகளில் இது ரத்தக்கழிச்சலுக்கு வழிவிடும்.

1950-களிலேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள், பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்தாலோ, நொதி சேர்த்தாலோ குஞ்சுகள் நன்றாக வளர்வதைக் கண்டார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் ‘பீட்டா குளுக்கனேஸ்’ நொதி செய்வதும் அதே வேலைதான். பார்லியின் கொழகொழப்பை உடைத்து, சத்தை வெளியே கொண்டுவருகிறது.

விலைக் கணக்கு

ஒரு கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 3,300 கிலோ கலோரி எரிசக்தி கிடைக்கும். பார்லியில் சுமார் 2,700 தான். புரதம் மட்டும் பார்லியில் சற்று அதிகம். எரிசக்தியை வைத்துப் பார்த்தால், மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் விற்கும்போது, பார்லி வண்டிக்கூலியோடு 20 ரூபாய்க்குள் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். நொதியின் விலை தனி. பார்லி விளைவது ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் போன்ற வட மாநிலங்களில் என்பதால், வண்டிக்கூலியை மறக்கக் கூடாது. மளிகைக் கடையில் விற்கும் தீட்டிய பார்லியை வாங்கிப் போட்டால் நஷ்டம்தான்.

போடுவதென்றால்…

* நான்கு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குப் பார்லி வேண்டாம். அவற்றின் குடல்தான் அதிகம் பாதிக்கப்படும்.
* வளரும் கோழிகளுக்கு 100 கிலோ தீவனத்தில் 10 கிலோவில் தொடங்கலாம். முட்டைக்கோழிக்கு நொதியோடு 20 கிலோ வரை போகலாம்.
* நொதியின் அளவு பாக்கெட்டில் உள்ளபடியே இருக்கட்டும். முதலில் ஒரு கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு மொத்தத்திலும் சேருங்கள். சூடான கஞ்சியில் கலந்தால் நொதி செயலிழந்துவிடும்.
* பார்லியில் மஞ்சள் நிறமி இல்லை. மஞ்சள் கரு வெளுக்காமல் இருக்க முருங்கைக்கீரை, அகத்தி, அசோலா கொடுங்கள்.
* மாற்றத்தை ஒரு வாரத்துக்குள் படிப்படியாகச் செய்து, எச்சத்தைத் தினமும் கவனியுங்கள். பிசுபிசுத்தால் பார்லியைக் குறையுங்கள்.

கையருகே இருக்கும் மாற்று

செங்கல்பட்டு ஏரிப்பாசன மாவட்டம். நெல் அரவை ஆலைகளில் கிடைக்கும் குருணை, எரிசக்தியில் மக்காச்சோளத்துக்கு அருகில் நிற்கிறது. கம்பும் நல்ல மாற்று. பார்லி உண்டாக்கும் கொழகொழப்புத் தொல்லை இவற்றில் இல்லை. எனவே, பார்லியைத் தேடும் முன் குருணை, கம்பு விலையை விசாரிப்பது புத்திசாலித்தனம். தவிட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள், நாள்பட்டால் காறிவிடும்.

தீவனக் கலவையில் சந்தேகம் இருந்தால், பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நூறு கோழிக்கு மாற்றுவதற்கு முன், பத்துக் கோழிக்குப் போட்டுப் பாருங்கள். எடையும் முட்டையும் குறையாமல் இருந்தால்தான், மிச்சமான பணம் உண்மையிலேயே லாபம்.