கால் மரத்தால் பிரேக் ஏது? ஊட்டி குளிருக்கு எந்த பேண்ட் போடுவது!

கோவை, டிச.–

குளிர்காலம் வந்து விட்டது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு ஊட்டிக்குப் பறக்கும் வாலிபர்கள் கூட்டமும் கிளம்பி விட்டது. ஜெர்கின் உண்டு. மப்ளர் உண்டு. கையுறை கூட உண்டு. ஆனால் இடுப்புக்குக் கீழே? ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே மெல்லிசு பேண்ட்!

இது வெறும் குளிர் சங்கதி அல்ல, உயிர்ச் சங்கதி. மோட்டார் சைக்கிளில் பின் சக்கர பிரேக்கை மிதிப்பது வலது கால். கியர் போடுவது இடது கால். அந்தக் கால்கள் மரத்துப்போனால், கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது வண்டி யார் பேச்சைக் கேட்கும்?

50 கிலோ மீட்டரில் 12 டிகிரி

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாக 50 கிலோ மீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் 20 டிகிரி இருந்தால் மேலே 8 டிகிரிதான்.

மேகம் இல்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கி, புல்வெளி உப்புத் தூவியது போல வெள்ளையாகிவிடும். அதுதான் உறைபனி.

காற்றுதான் வில்லன்

நின்றுகொண்டிருப்பவனுக்கு 5 டிகிரி என்றால் வண்டியில் போகிறவனுக்கும் 5 டிகிரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உடம்பைச் சுற்றி எப்போதும் ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைத் துடைத்தெடுத்துக்கொண்டே போகும். அமெரிக்கா, கனடா வானிலைத் துறைகள் 2001 முதல் பயன்படுத்தும் கணக்கின்படி, 5 டிகிரி குளிரில் 50 கிலோ மீட்டர் வேகக் காற்று அடித்தால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போல இருக்கும். 0 டிகிரியில் அதே காற்று அடித்தால் மைனஸ் 8!

ஸ்கூட்டர்காரர் கொஞ்சம் தப்பித்தார். அவருக்கு முன்னால் தகடு மறைக்கிறது. மோட்டார் சைக்கிளில் தொடையும் முழங்காலும்தான் காற்றை நேருக்கு நேர் வாங்குகின்றன. அதனால்தான் முதலில் முழங்கால் விறைக்கிறது.

ஜீன்ஸ் போதாதா?

"ஜீன்ஸ் கெட்டியாத்தானே இருக்கு, இது போதாதா அண்ணே?" என்பதுதான் கடைகளில் எல்லோரும் கேட்கும் கேள்வி. போதாது. ஜீன்ஸ் பருத்தித் துணி. கனமாக இருக்குமே தவிர காற்றை முழுதாக நிறுத்தாது. பனியிலோ மழையிலோ நனைந்துவிட்டால் லேசில் காயாது. ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சூடு தருவது துணி அல்ல, துணிக்குள் சிக்கி நிற்கும் காற்று. அதனால் ஒரே தடித்த பேண்ட்டை விட மூன்று அடுக்கு மேல்.

முதல் அடுக்கு, உடம்போடு ஒட்டிய உள் பேண்ட். கடைகளில் 'தெர்மல்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வேர்வையை வெளியே தள்ளும் ரகம் நல்லது. இரண்டாவது, கம்பளி அல்லது பஞ்சு போல மெத்தென்று இருக்கும் 'பிளீஸ்' பேண்ட். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூடு காக்கும். மூன்றாவது, காற்று புகாத வெளி பேண்ட். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். பிளீஸ் துணிக்குள் காற்று சல்லடைக்குள் தண்ணீர் போலப் போகும்.

கையில் காசு குறைவா? மழைக்கோட்டு பேண்ட்டையே மேலே மாட்டிக்கொள்ளலாம். காற்றை அடியோடு நிறுத்தும். ஆனால் உள்ளே வேர்த்துவிடும். வழியில் டீ குடிக்க நிற்கும்போது கழற்றி ஆறவிட்டு மாட்ட வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நைலான், பாலியஸ்டர் துணி சூடான சைலென்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். தோலோடும் ஒட்டும், ஜாக்கிரதை!

தோல் பேண்ட் காற்றைத் தடுக்கும், கீழே விழுந்தால் சிராய்ப்பையும் குறைக்கும். ஆனால் தனியாகப் போட்டால் சூடு தராது. உள்ளே தெர்மல் வேண்டும்.

கடையில் ஏமாறாதீர்கள்

துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று வந்தால் சாலையிலும் காற்று வரும்.

'சுத்த கம்பளி' என்று விற்பதில் பாதி அக்ரிலிக்காக இருக்கலாம். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் என்றால் உருகிக் கெட்டியான மணி போல ஆகிவிடும்.

நின்றுகொண்டு அளவு பார்க்கக் கூடாது. உள் பேண்ட்டைப் போட்டு, அதன் மேல் மாட்டி, வண்டியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருக்கும் பேண்ட், உட்கார்ந்ததும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். இரண்டு அங்குலம் கூடுதல் நீளம் வேண்டும். பின் இடுப்பும் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுத் தண்டில் காற்று அடிக்கும்.

இறுக்கமும் கூடாது. காற்று தங்க இடம் இருக்காது, ரத்த ஓட்டமும் குறையும். ரொம்ப தொளதொளப்பும் கூடாது. செயினில் மாட்டும்.

பைக்குக்கென்றே விற்கும் பேண்ட் வாங்குகிறவர்கள், முழங்கால் காப்பில் 'இ.என். 1621-1' என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் லெவல் 2 என்பது லெவல் 1-ஐ விட அடியை அதிகம் தாங்கும்.

பின் சீட்டில் இருப்பவர்?

ஓட்டுகிறவருக்காவது கை கால் அசைகிறது. பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும் சத்தமில்லாமல் விறைத்துப் போகிறார்கள். சேலை, சுடிதாருக்கு உள்ளே கம்பளி லெக்கின்ஸ் அவசியம். சால்வை, துப்பட்டா முனையை இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

'கட்டிங்' போட்டால் சூடாகுமா?

ஆகாது. சாராயம் தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்களை விரியவைக்கும். சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் உள்சூடு வெளியே ஓடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸும் உண்டு.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அபாயம். முதலில் கிடுகிடுவென நடுக்கம், பல் தந்தி அடிக்கும். அடுத்து பேச்சு குழறும், புத்தி மந்தமாகும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் 'சரியாகிடுச்சு' என்று நினைக்கக் கூடாது. அதுதான் மோசமான கட்டம், உடனே ஆஸ்பத்திரி. நடுக்கம் ஆரம்பிக்கும்போதே வண்டியை ஓரங்கட்டி, ஈரத் துணியை மாற்றி, சூடாக ஏதாவது குடித்து, கால்களை உதறி நடக்க வேண்டும்.

வழியில் அகப்பட்டுக்கொண்டால் ஓசி வைத்தியம் ஒன்று உண்டு. பழைய செய்தித்தாளை நாலாக மடித்து, முழங்கால் மேல் பேண்ட்டுக்குள் செருகலாம். மலைச் சரிவில் இறங்கும் ஐரோப்பிய சைக்கிள் பந்தய வீரர்கள் சட்டைக்குள் பேப்பரைச் செருகிக்கொள்வது பழைய பழக்கம். படித்து முடித்த மாலைப் பேப்பரை மலை ஏறும் முன் வீசிவிட வேண்டாம்!