வேரில் ஓடும் செம்மை

கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களிலே இளங்கன்றுகளுக்கிடையே மூடுபயிராகப் படரும் பியூரேரியாக் கொடியைப் பிடுங்கி, அதன் வேர்முடிச்சொன்றைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு! நம் குருதியின் ஈமோகுளோபினுக்கு உறவான புரதமே அது. 1939இல் ஜப்பானிய அறிஞர் குபோ இவ்வுறவை உணர்த்தினார். முடிச்சில் வாழும் பற்றீரியா காற்றின் நைதரசனைப் பயிருக்கு உணவாக்குகிறது. அதற்குரிய நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடும். அவ்வொட்சிசனைப் பற்றி அளவோடு வழங்குவதே செம்புரதத்தின் தொழில்.

1990இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித ஈமோகுளோபின் மரபணுக்களை ஈ. கோலி என்னும் பற்றீரியாவிற் புகுத்தினர். அந்நுண்ணுயிர், தானே ஆக்கிய இரும்பணுக் கூறாம் ஈமையும் சேர்த்து, தொழிற்படும் ஈமோகுளோபினையே ஈன்றது! ஆயினும் அது குருதிக்கு மாற்றாக மருத்துவமனையை இன்னும் எட்டவில்லை. குழாய்களை இறுக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தியமை பெருந்தடையாயிற்று.

மண்ணுக்குள் செம்மை வளர்க்கும் அதே தோட்டத்தில், பால்வெட்டும் தாயொருத்தி சோகையால் வெளிறி நிற்றல் முறையோ? அவள் குருதிக்கு இரும்பூட்ட வேண்டியவர் நாமே.