சிறு டிராக்டரால் பெருங்கட்டைகளை நகர்த்துதல்

வரப்பில் சாய்ந்த புளியமரத்தைத் துண்டு போட்டாயிற்று. லோடர் பொருத்திய சிறு டிராக்டரும் தயார். உடனே தூக்கிவிட முனையாதீர்கள். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 60 செ.மீ. குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 0.85 கனமீட்டர். பச்சைப் புளியங்கட்டை ஏறத்தாழ நீரைப்போல் கனக்கும். ஆகவே இதன் எடை 850 கிலோ அளவில் இருக்கும். லோடரின் கையேட்டில் இதைவிடக் குறைந்த தூக்குதிறன் குறித்திருந்தால் கட்டையை இரண்டாக அறுப்பதே நலம்.

தூக்கும்போது பாரம் முன் அச்சில் விழுந்து பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். எனவே பின்னால் ரோட்டவேட்டர் போன்ற கனமான கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். கட்டையைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாமல் மெதுவாகச் செல்லவும். உயரத் தூக்கியபடி திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழக்கூடும்.

தூக்க இயலாததை இழுக்கலாம். ஆனால் சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் பொருத்தும் இடத்தில் கட்டி இழுக்கையில் கட்டை ஒரு வேரில் தட்டி நின்றால், முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இராது! கட்டையின் முன்நுனி விளிம்பைச் செதுக்கிவிட்டால் மண்ணில் குத்தாது.

வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.