இருநூறு ஈமப்பேழைகள்

கலைக்கூடத்துட் புகுவோர் கண்ணாற் காண்பது ஒன்று. ஆங்குள்ள பொருள் உணர்த்தக் கருதுவது பிறிதொன்று. இவ்விரண்டற்கும் இடையே பாலமாய் நிற்றல் காப்பாளரின் கடமையாகும். பார்வையாளரை உடனழைத்துச் சென்று, பொருள்களின் முன்னே நிறுத்தி, அவர் விளக்கங் கூறும் வழக்கம் இன்று நூதனசாலைகள் பலவற்றில் உண்டு. தொல்குடியினர் இக்காலத்தில் ஆக்கும் கலைப்பொருள்களுக்கு இவ்விளக்கம் இன்றியமையாதது. அங்கே எதனைக் கூறவேண்டும் என்பதோடு எதனைக் கூறலாகாது என்பதையும் காப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பராவில், தேசியக் கலைக்கூடத்துக்குரிய 'ஆதிக்குடிகள் நினைவுச்சின்னம்' இதற்குத் தக்க சான்றாகும்.

முதன்முறை காண்பார்க்கு அது வண்ணந் தீட்டிய மரத்தூண்களின் தொகுதியாகவே தோன்றும். உண்மையில் அவை ஈமப்பேழைகள். கறையான் அரித்து உட்குடைந்த மரத்தை வெட்டி, பட்டை நீக்கி, செங்காவி, மஞ்சட்காவி, வெண்களி, கரி ஆகியவற்றால் அதன்மீது கோலந் தீட்டுவர். வட அவுஸ்திரேலியாவின் ஆர்னெம் லாண்ட் பகுதியில், ஒருவர் இறந்து நெடுநாட் சென்றபின், அவர்தம் எலும்புகளை இத்தகைய பேழையில் இட்டு இறுதிக் கிரியை செய்தல் மரபு. கன்பராவிலுள்ள பேழைகளில் எலும்புகள் இல்லை. அவை நினைவுச்சின்னமாகவே ஆக்கப்பட்டவை.

அவை இருநூறாய் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. 1788இல் ஆங்கிலேயர் சிட்னியிற் குடியேறினர். 1988இல் அதன் இருநூறாம் ஆண்டு நிறைவை நாடு விழாவாகக் கொண்டாடியது. அவ்வேளையில், ரமிங்கினிங் என்னும் ஊரிற் கலை ஆலோசகராயிருந்தவரும் பண்ட்ஜலுங் குடியைச் சேர்ந்தவருமாகிய ஜோன் முன்டைன், ஆண்டுக்கு ஒன்றாக இருநூறு பேழைகள் அமைக்கும் எண்ணத்தை முன்வைத்தார். அவ்வூரையும் அயலையும் சார்ந்த 43 கலைஞர் 1987, 1988ஆம் ஆண்டுகளில் அதனை நிறைவேற்றினர். தம் நிலத்தைக் காக்க முயன்று மடிந்தும், முறையான ஈமக்கடன் பெறாதொழிந்தோர்க்கு அவர்கள் செலுத்திய கடன் அது. பிறர் விழாக் கொண்டாடிய ஆண்டிலே அவர்கள் துக்கம் காத்தனர்.

பேழைகள் நிற்கும் ஒழுங்கும் பொருளுடையது. அவற்றினூடே செல்லும் நடைவழி, அரபுராக் கடலிற் கலக்கும் கிளைட் ஆற்றைக் குறிக்கும். ஆற்றின் இருமருங்கும் எக்குலத்தார் எவ்விடத்துக்கு உரியரோ, அவ்விடத்திலேயே அவர்தம் பேழைகளும் நிறுத்தப்பட்டுள்ளன. விளக்குவார் இல்லாதவிடத்து அது வெறும் நடைபாதை. விளக்கம் கேட்டவர்க்கோ அது நிலவுரிமையைக் காட்டும் படம். அந்நிலம் குடியேற்றத்தின்போது எவர்க்கும் உரித்தன்று என்ற சட்டக் கொள்கையை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் மறுத்தது 1992இலேயாம். பேழைகள் அதற்கு நான்காண்டு முன்னரே நிலத்துக்கு உரியார் இன்னாரெனக் காட்டி நின்றன.

இனி, கூறலாகாதன யாவை என நோக்குவோம். பேழைகளிற் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கிய மெல்லிய கோடுகள் வெறும் அழகுக்காக இழைக்கப்பட்டவையல்ல. குலக்கோலங்கள் அவ்வக் குலத்தின் உடைமைகள். அவற்றைத் தீட்டும் உரிமை வழிவழியாக வருவது. அவற்றின் புறப்பொருள் யாவர்க்கும் உரைக்கத்தக்கது. உட்பொருளோ, முறைப்படி அறிவுறுத்தப்பெற்றார்க்கே உரியது. நடு அவுஸ்திரேலியாவிலுள்ள பப்பூன்யாவில் 1971இல் எழுந்த புதிய ஓவிய முயற்சியிலும், மறைபொருள் சில தொடக்ககாலப் படங்களில் வெளிப்பட்டமையால் தொல்குடியினரிடையே மனவருத்தம் உண்டாயிற்று. பின்னர் ஓவியர்கள் அவற்றைத் தவிர்த்தனர்.

எனவே, நல்ல காப்பாளர் ஓரெல்லை வரை விளக்கி, அதன்மேல் மௌனங் காப்பார். அம்மௌனத்தை அறியாமை என்றோ குறைபாடு என்றோ கருதுதல் தவறு. அறிவுக்கும் உடையவர் உண்டு என்பதைப் பார்வையாளர்க்கு அது உணர்த்தும். எல்லாப் பொருளையும் திறந்து காட்டுதலே நூதனசாலையின் பணி என எண்ணிப் பழகியோர் இப்பேழைகளிடையே நடந்து கற்கத்தக்க பாடம் இதுவேயாகும்.