தவறணையும் குடும்ப இரகசியமும்: யுத்தகாலப் பிரித்தானியா பற்றிய ஒரு குறிப்பு

1939 – 1945 யுத்தகாலப் பிரித்தானியாவில், தொழிலாளர் குடியிருப்புத் தவறணையை வெறும் குடிக்கும் இடமாக நோக்குதல் பொருந்தாது. 1940 சனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கியபோதும் பியர் அதற்கு உட்படவில்லை. வரி ஏறியது, பியரின் செறிவு குறைந்தது. தவறணைகள் பல பியர் உற்பத்திக் கம்பனிகளுக்கே உரியவை. நடத்தியவர் குத்தகைக்காரர், மேல்மாடியே அவர் வீடு. உரிமப்பத்திரத்தை ஆண்டுதோறும் நீதவான்கள் புதுப்பித்தனர். ஆதலின் அங்கு நற்பெயர் என்பது பிழைப்புப் பற்றிய விடயமுமாகும்.

பெண்கள் முன்னரிலும் அதிகமாக அங்கு சென்றனர். ஒழுக்கக்கேடு என்று கூக்குரலிட்டோர், ஆலையில் நாள் முழுதும் உழைத்தவளுக்கு வேறெங்கு இளைப்பாறுதல் இருந்தது என்று வினவினாரல்லர். இங்கிலாந்திலும் வேல்சிலும் மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தைகள் 1939 இல் ஏறத்தாழ 4 சதவீதம். 1945 இல் 9 சதவீதத்துக்கு மேல். இதனை ஒழுக்கச் சரிவெனக் கொள்வது மேலோட்டமான பார்வை. யுத்தத்துக்கு முன்னர், கருவுற்ற பின் அவசரமாக நடந்த திருமணங்கள் பலவற்றை மறைத்தன. மணமகன் பாசறையிலோ கப்பலிலோ இருக்கையில் அவ்வழி அடைபட்டது.

அப்போது பேத்தியைப் பாட்டி தன் மகளென வளர்த்தாள். அயலார் அறிந்தனர், பேசவில்லை. பிறப்பு அத்தாட்சிப்பத்திரமோ பேசியது. பெற்றோர் பெயரில்லாத சுருக்கப் பத்திரம் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டிற்று.