லாரி லாரியாக விஷம்... சட்டம் என்ன சொல்கிறது?

ஜவ்வாது மலையில் இருக்கும் புதூர்நாட்டில் சாமையும் தேனும் பிரசித்தம். மலைக்கு வடக்கே பாலாற்றுச் சமவெளி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என வரிசையாகத் தோல் தொழிற்சாலைகள், அவற்றின் குரோமியக் கழிவு. அந்தக் கழிவை யாராவது ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மலையோடையில் கொட்டிவிட்டுப் போனால் என்ன தண்டனை?

'ஜெயில்தான்' என்று நினைப்பீர்கள். 2024 மார்ச் வரை அப்படித்தான். 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சின்னத் தப்போ பெரிய தப்போ, எல்லாவற்றுக்கும் ஒரே பிரிவு. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும் என்பதால் கம்பெனிகள் பெரிதாகப் பயந்ததும் இல்லை.

2024 ஏப்ரல் 1 முதல் 'ஜன் விஸ்வாஸ்' திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது தரம் பிரித்திருக்கிறார்கள். அபாயகரமான பொருளைக் கையாளும் விதியை மீறினால் 1 லட்சம் முதல் 15 லட்சம் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 50,000. மற்ற மீறல்களுக்கு 10,000-த்தில் தொடங்கும். பழைய உச்சவரம்பு, புதிய ஆரம்பத்தொகை ஆகியிருக்கிறது. ஆனால், இந்தப் பிரிவுகளில் சிறை என்பது, விதித்த அபராதத்தை 90 நாளில் கட்டாவிட்டால் மட்டுமே. விதிப்பதும் நீதிமன்றம் அல்ல, அரசு அதிகாரி. பணமிருப்பவருக்கு இது தொழில் செலவுதானே என்ற கேள்வி நியாயமானது.

உயிர் போனால்? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதுபோன்ற சாவு இன்று நடந்தால் கழிவுச் சட்டத்தைத் தாண்டி, பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவு வரும். அஜாக்கிரதையால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டுதான்.

மருத்துவக் கழிவுக்கு மட்டும் தமிழ்நாடு தனி வழி எடுத்தது. 2024 டிசம்பரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவு திருநெல்வேலி கிராமங்களில் கொட்டப்பட்டுப் பெரும் பிரச்னையானது. அடுத்த ஆண்டே, அதைக் கொட்டுபவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். குரோமியச் சேற்றுக்கு இந்தக் கடுமை இல்லை.

இழப்பீட்டுக்கான வழி வேறு. 1996-லேயே வேலூர் வழக்கில் 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரி 30 அன்று பாலாறு வழக்கில் மறுபடியும் அதையே வலியுறுத்தியது. ராணிப்பேட்டைத் துயரம் நடந்து பத்தாண்டு நிறைய ஒரு நாள்தான் பாக்கி!

ஓடையில் நிறம் மாறிய சேற்றையோ பீப்பாய்களையோ பார்த்தால் கையால் தொடாதீர்கள். தேதி, நேரம், லாரி எண், போட்டோவுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. மற்ற வழக்குகளுக்கு 6 மாதம்தான். தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் 3 ஆண்டு சிறை அல்லது 10 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனி என்றால் அபராதம் 25 கோடி வரை போகும்.