வங்கி முறிந்தால் பங்குச் சந்தை ஏன் நடுங்குகிறது?

ராகலை மலைச்சரிவுகளை இன்று தேயிலை போர்த்தியிருக்கிறது. ஆயினும் மலையகத்திற்கு முதலில் செல்வம் சேர்த்த பயிர் கோப்பியே. அக் கோப்பியின் வீழ்ச்சியோடு பெரியதொரு வங்கியும் வீழ்ந்தது. வங்கி முறியும்போது மக்கள் மனம் எவ்வாறு கலங்குகிறது, பங்குகளின் விலை ஏன் தள்ளாடுகிறது என்பவற்றை அறிய அவ்வரலாறு நல்ல பாடமாகும்.

1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. ஓரியண்டல் வங்கி அத் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. பயிர் பட்டுப்போகவே, ஈடாக வைத்த நிலமும் மதிப்பிழந்தது. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவடைத்தது. அந்நாளில் நாணயத்தாளை வெளியிட்டவை வங்கிகளே. ஆகவே, கையிலிருந்த தாள் வெறுங் காகிதமாகி விடுமோ என்ற அச்சம் எழுந்தது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், அத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று உறுதியளித்தார். அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றி, நாணயத்தாள் வெளியிடும் பணியை அரசாங்கம் தானே மேற்கொண்டது.

இங்கே இரு சாராரைப் பிரித்தறிதல் வேண்டும். வைப்பாளர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்; பங்காளரோ அதன் உடைமையாளர். வங்கி முறிந்தால், கடன் கொடுத்தோர்க்கெல்லாம் தீர்த்தபின் எஞ்சுவதே பங்காளருக்கு உரியது. பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை. ஆதலால், வதந்தி பிறந்தவுடன் முதலில் ஆட்டங் காண்பது பங்கின் விலையே.

அப்படியானால், வங்கியோடு தொடர்பில்லாத கம்பனிகளின் பங்குகளும் விழுவது ஏன்? இதற்குக் காரணங்கள் மூன்று. இதே நோய் வேறு வங்கிகளிலும் மறைந்திருக்குமோ என்னும் ஐயம் ஒன்று. வங்கிகள் கடனைச் சுருக்கினால் தொழில்கள் தளரும் என்னும் கணிப்பு மற்றொன்று. பணம் அவசரமாக வேண்டியவர்கள் நல்ல பங்குகளையும் கிடைத்த விலைக்கு விற்பது மூன்றாவது. ஒருவர் விற்பதைக் கண்டு மற்றொருவரும் விற்க, விலை மேலும் சரிகிறது.

2023 மார்ச் 9ஆம் திகதி, அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டொலரை மீளப்பெற வைப்பாளர் முயன்றனர். அன்று அதன் உரிமைக் கம்பனியின் பங்கு விலை நூற்றுக்கு 60 வீதம் வீழ்ந்தது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. வைப்புகளுக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளித்தது, பங்காளருக்கு அளிக்கவில்லை.

இலங்கையிலும் 2008 டிசம்பரில், கோல்டன் கீ நிறுவனம் நொடித்தபோது, அதனோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியின் வாயில்களில் வைப்பாளர் திரண்டனர். மத்திய வங்கி தலையிட்டு, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வங்கி பிழைத்தது. அவ்வாண்டில் கொழும்புச் சந்தையின் விலைச் சுட்டெண் நூற்றுக்கு 40 வீதமளவில் வீழ்ந்திருந்தது. போர் முடிந்த 2009இல் அது இரு மடங்கிற்கு மேல் உயர்ந்தது. அஞ்சி விற்றவர் அந்த ஏற்றத்தை இழந்தனர். ஏற்றம் என்றும் நிலைக்குமென எண்ணி விலையுச்சியில் வாங்கியவரோ 2011இன் இறக்கத்தில் அகப்பட்டனர். அச்சமும் பேராசையும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இஃது எங்கோ நகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பெருந்தோட்டங்கள் 1990களில் கம்பனிகளின் வசமானபோது, அவற்றின் பங்குகளில் நூற்றுக்கு 10 வீதம் தோட்ட ஊழியர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. கொழுந்து கொய்யும் கையிலும் பங்குப் பத்திரம் இருந்ததுண்டு. அதன் தன்மை தெரியாதவர், விலை சரிந்தவுடன் வந்த விலைக்கு விற்றுவிடக் கூடும்.

ஆகவே, பணத்தை இடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. அந் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா? இது வைப்பா, பங்கா? அனுமதி பெற்ற நிறுவனத்திலுள்ள வைப்புக்குக் காப்புறுதி உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கான அதன் உச்ச வரம்பு 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. பங்குக்கு அத்தகைய காப்பு இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் மருந்துக்கும் வேண்டிய பணம் பங்கில் இருத்தலாகாது. சில ஆண்டுகள் தொடாமல் விடத்தக்க பணமே அதற்கு உரியது.

கோப்பி அழிந்த மண்ணில் தேயிலை தழைத்தது. வங்கி கதவடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், 1896இல், கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றி, தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்ட வழி செய்தது. மலையகம் கண்ட அந்த வீழ்ச்சியும் எழுச்சியும், கலக்க வேளையில் நிதானமே முதலுக்குக் காவல் என்பதை இன்றும் உணர்த்துகின்றன.